மைக் இல்லாமல் பாடினார்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் எனக்குப் போதும் என்று ஆகிவிட்டது. ஒரு கூம்பு ஸ்பீக்கரையும் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றையும் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு தொழிலுக்கு வந்தவன் நான். இன்றைக்குப் பண்ருட்டியிலிருந்து சிதம்பரம் வரை எந்தக் கல்யாணத்திலாவது சத்தம் சுத்தமாகக் கேட்டால், யாருடைய செட் என்று விசாரித்துப் பாருங்கள். என் பெயரைத்தான் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் கூத்து மேடைக்கு முதலில் மைக் கட்டியதும் நான்தான். பெருமைக்காகத்தான் இதைச் சொல்கிறேன். இனிமேல் எழுதப்போவதில் பெருமைக்கு இடமில்லை.

கடலூரில் சர்ச் பாடகர் குழுவுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் என் செட்தான். ஒருநாள் வெள்ளைக்காரர் ஒருவரைக் கடைக்கு அழைத்து வந்தார். எழுபதைத் தாண்டிய மனிதர். தொப்பை, வெயிலில் சிவந்த மூக்கு, கழுத்தில் இந்த ஊர் வெக்கையிலும் ஒரு பட்டுத் துண்டு.

"இத்தாலிக்காரர். ஆப்பரா பாடறவரு. கோயிலப் பாக்க வந்து சிதம்பரத்துல லாட்ஜ்ல தங்கியிருக்காரு" என்றார் டீச்சர்.

"ஆப்பரான்னா?"

"நம்ம கூத்து மாதிரிதான். கதை முழுக்கப் பாட்டு. இவரு கதாநாயகனுக்கு உண்டான மேல் குரல்ல பாடறவரு."

ஏழு கட்டை சுதி என்று நான் புரிந்துகொண்டேன்.

டீ வந்தது. டீச்சர் மொழிபெயர்க்க, அவர் தன் கதையைச் சொன்னார். அப்பா வலை பின்னுகிறவர். சொந்த நாட்டுப் பெரிய அரங்குகளில் இவருக்கு இடம் கிடைக்கவில்லை. அதனால் கப்பலேறினார். பிரேசில், எகிப்து, மணிலா என்று ஊர் ஊராகப் பாடினார். பெரிய பாடகருக்குச் சளி பிடித்தால் அன்றைக்கு இவர் ராஜா. மறுநாள் மறுபடியும் கூட்டத்தில் ஒருவர். வயதான பிறகு உல்லாசக் கப்பல்களில், சாப்பிடுகிறவர்களுக்கு நடுவில் நின்று பாடியிருக்கிறார். இப்போது சொந்த ஊரிலேயே இவரைத் தெரிந்தவர்கள் இல்லையாம். ஒரு தடித்த ஆல்பம் வைத்திருந்தார். பாடிய ஊர் ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் தம் மொழியில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். என்னைப் போலவே அடிமட்டத்திலிருந்து வந்தவர் என்று எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

பிறகு விஷயத்துக்கு வந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து ஒரு கப்பல் கம்பெனி ஆறு மாதம் பாட அவரைக் கூப்பிட்டிருக்கிறது. போவதா வேண்டாமா என்று முடிவு செய்ய, கடலூரில் சர்ச்சுக்குப் பக்கத்தில் இருக்கிற பழைய ஹாலில் ஞாயிற்றுக்கிழமை பாடிப் பார்க்கப் போகிறார். மைக் கிடையாது.

"மைக் இல்லாம கடைசி வரிசைக்குக் கேட்டா கப்பல் ஏறுவாராம். கேக்கலன்னா இதோட பாட்டையே விட்டுடுவாராம். கடைசி வரிசையில உங்களத்தான் உக்கார வைக்கச் சொல்றாரு. சத்தம் தெரிஞ்ச காது உங்க காதுதானாம்" என்றார் டீச்சர். தான் வரவேற்றுப் பேசுவதற்கு மட்டும் ஒரு மைக் போதும் என்றார்.

ஞாயிறு காலையில் ஒத்திகை நடந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். குரல் நல்ல குரல், பொய் சொல்லக்கூடாது. ஆனால் மேலே போகும்போது, பாதி ஹாலைத் தாண்டுவதற்குள் மின்விசிறிச் சத்தத்திலும் ரோட்டில் போகும் பஸ்ஸின் ஹாரனிலும் கரைந்துபோனது. "எப்படி?" என்று மேடையிலிருந்து கையால் கேட்டார். சாயங்காலம் பார்ப்போம் என்று கையாலேயே சொல்லிவிட்டேன்.

மத்தியானம் ஒரு வேலை செய்தேன். மேடை ஓரத்துப் பூஜாடிக்குள் ஒரு சின்ன மைக்கை வைத்து, பூவால் மறைத்தேன். இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸை மேடைப் பின்சுவர்ப் பக்கம் திரைக்குப் பின்னால் தள்ளினேன். கிழவருக்கு உதவி செய்தேன் என்று எழுதத்தான் கை போகிறது. அதில் பாதிதான் உண்மை. நாற்பது வருஷம் மைக் கட்டியவனைக் கூட்டிவந்து, மைக் வேண்டாம் என்று உட்கார வைக்கிறார்களே என்பதுதான் மறுபாதி.

என் மனைவியின் தம்பிதான் எனக்கு லைட் வேலை பார்க்கிறவன். அவன் பூஜாடியைப் பார்த்துவிட்டான்.

"மாமா, அந்தாளு வேணான்னாரே?"

"நீ லைட்டப் பாரு மச்சான்."

நாலு மணிக்கு ஹால் நிறைந்தது. கடைசி வரிசையில், சத்தத்தை ஏற்றி இறக்குகிற மிக்ஸரை மடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டீச்சர் பேசி முடித்துப் பியானோவில் அமர்ந்தார். இத்தாலிக்காரர் பாட ஆரம்பித்தார். நான் ஒரு விரலால் ஏற்றினேன். மளமளவென்று ஏற்றவில்லை. குரலுக்கு அடியில் குரல் மாதிரியே ஒளிந்துகொள்ளும்படி, முடி அளவு முடி அளவாக ஏற்றினேன். மைக் இருப்பதே தெரியாமல் மைக் வைக்க இந்த ஜில்லாவில் என்னை விட்டால் ஆளில்லை. ஹால் முழுக்க அவர் குரல் நிறைந்தது. அவருக்கே அது ஆச்சரியம். பாடப்பாட முதுகு நிமிர்ந்தது. முகத்தில் இருபது வயது குறைந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

பாட்டு முடிந்து கைதட்டல் ஓயவே வெகுநேரம் ஆனது. அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். டீச்சர் மொழிபெயர்த்தார்.

"இப்ப இருக்கற பாடகருங்க மிஷின்கிட்ட குரல் பிச்சை வாங்கறாங்க. இன்னைக்கு நீங்க கேட்டது பிச்சை வாங்காத தொண்டைன்னு சொல்றாரு."

ஜனம் சிரித்தது. பாதிப் பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். முன்வரிசையில் நெல்லிக்குப்பத்திலிருந்து வந்திருந்த என் பழைய கூட்டாளி எழுந்தே நின்றுவிட்டான்.

"என்னா மச்சான், கடைய மூடிட்டு எங்கூருக்குக் கரும்பு வெட்ட வர்றியா?"

ஹாலே குலுங்கியது. நானும் சிரித்தேன். காது மட்டும் கொதித்தது.

இரண்டாவது பாட்டு. மெதுவாக ஏறிக்கொண்டே போய், கடைசியில் உச்சியில் நிற்கிற பாட்டு. காலையில் கரைந்துபோனது அந்த இடம்தான். அங்கே அவர் கால் வைக்கிற நேரம் பார்த்து, என் விரல் மிக்ஸரில் சத்தத்தைக் கீழே இழுத்தது. முழுக்க இறக்கினேன்.

அவ்வளவு பெரிய ஹாலில் அந்தக் குரல் ஒரே நொடியில் சிறுத்துப்போனது. அவர் கண் திறந்தது. இன்னும் அழுத்திப் பாடினார். பிசிறு தட்டியது. மறுபடி முயன்றார், உடைந்தது. பியானோ நின்றது. தொண்டையில் கை வைத்துக்கொண்டு, கூட்டத்தை எல்லாம் விட்டுவிட்டு, கடைசி வரிசையில் என்னைப் பார்த்தார். கேட்டதா என்று புருவத்தைத் தூக்கினார்.

அந்த ஒரு வினாடி என் கையில் இருந்தது. நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அவர் குனிந்து வணங்கிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஒயரைச் சுருட்டும்போது மச்சான் பக்கத்தில் வந்தான். "மாமா, எறக்கிட்டீங்களா?" என்றான். நான் அடுத்த ஒயரை இழுத்தேன். "அந்தாளுகிட்ட சொல்லிடுங்க மாமா. பாவம், தன் தொண்டை போயிடுச்சுன்னு நெனைச்சிட்டிருப்பாரு."

மறுநாள் காலையில் சொல்லிவிடுவது என்றுதான் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். கீழ வீதி லாட்ஜில் மாடியறை. டீச்சரும் வழியனுப்ப வந்திருந்தார். பெட்டி பாதி கட்டியாகிவிட்டது. கப்பல்காரர்களுக்கு வரவில்லை என்று தகவல் அனுப்பிவிட்டாராம். என்னைக் கண்டதும் கட்டிலை விட்டு எழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"பொய் சொல்லாம தலையாட்டினதுக்கு உங்களுக்கு நன்றியாம்" என்றார் டீச்சர். "அந்த மொத பாட்டு இருக்கே, அது அவரோட முப்பது வயசுக் குரலாம். ஒரே ஒரு தரம் கடவுள் திருப்பிக் குடுத்தாரு, அது போதும்னு சொல்றாரு."

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இரண்டாவது பாட்டில் நான் செய்ததைச் சொன்னால் முதல் பாட்டில் செய்ததையும் சொல்லவேண்டும். அவர் கையில் மிச்சம் இருந்தது அந்தப் பாட்டு ஒன்றுதான். அதைப் பிடுங்க மனம் வரவில்லை என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. டீச்சர் முன்னால் அசிங்கப்படப் பயந்தேன்.

அவர் ஆல்பத்தில் கடைசிப் பக்கத்தைத் திறந்து பேனாவை நீட்டினார். கடலூருக்காக நான் எழுத வேண்டுமாம். தமிழில்.

அவருக்குத் தமிழ் தெரியாது. டீச்சர் ஜன்னலோரம் நின்று அவருடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். நான் செய்தது இன்னது என்று எழுதியிருக்கலாம். அவர் சாகும் வரை அவருக்குத் தெரியாமலே உண்மை அந்தப் பக்கத்தில் இருந்திருக்கும். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். ஒவ்வொரு எழுத்துக்கும் யோசிக்க நேரம் இருந்தது. யோசித்துத்தான் எழுதினேன்: 'கடலூரில் மைக் இல்லாமல் பாடினார். கடைசி வரிசை வரை கேட்டது. நான் சாட்சி.'

கையெழுத்துக்குக் கீழே, எப்போதும் சட்டைப் பையில் இருக்கும் என் கம்பெனி முத்திரையையும் குத்தினேன். அதில் நடுவில் ஒரு கூம்பு ஸ்பீக்கர் படம். டீச்சர் வந்து படித்துச் சொல்ல, முதல் பாட்டைத்தான் சொல்கிறேன் என்று அவர் கண் கலங்கிவிட்டது. ஸ்பீக்கர் படத்தை விரலால் தடவிப் பார்த்து, ஊதுகொம்பா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கடலூரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மச்சான் வண்டியோடு காத்திருந்தான்.

"சொன்னீங்களா மாமா?"

"எழுதியே குடுத்துட்டேன்."

அவன் வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் என்னையே பார்த்தான். "பெரிய மனுஷன் மாமா நீங்க" என்றான். நான் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

இன்றைக்கும் சொந்தக்காரர்கள் நடுவில், எங்க மாமா தப்பு செஞ்சா வெள்ளைக்காரனுக்குக்கூட எழுதிக் குடுத்துட்டு வருவாரு என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் இதைப் படிக்கும்வரை சொல்லிக்கொண்டுதான் இருப்பான்.