ஏரிக்குள் நாலடி

என் அண்ணனை எனக்குப் பிடிக்காது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல விருப்பமில்லை. ஏரியில் சவுடு மண் எடுத்துக் கம்பெனி மனைகளுக்கு அடிக்கும் கான்ட்ராக்ட் அவனுடையது. போன கோடையில் ஏரிக்குள் தகரம் கட்டி, யாரையும் கிட்ட விடாமல் பொக்லைன் ஓட்டினான். அனுமதி மூன்றடிக்கு. நாலடிக்கு மேல் போகவில்லை என்று ஊரில் சத்தியம் செய்தான். மழையில் ஏரி நிரம்பியதும் பள்ளம் கண்ணுக்கு மறைந்துபோனது, பேச்சு மட்டும் மறையவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நான் வேலை பார்க்கும் பிளாண்ட்டில் இருந்த கொரிய மேனேஜர் ஊருக்குத் திரும்பினார். போகும்போது வட்ட முகப்பு வைத்த ஒரு பழைய பெட்டியை என்னிடம் தந்தார். மீன் எங்கே நிற்கிறது என்று காட்டும் கருவி. அவர் ஊரில் ஆறு பாளமாக உறைந்ததும் அதில் ஓட்டை போட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஓட்டைக்குள் இதன் ஒயரை விட்டு மீன் பிடிப்பார்களாம். தண்ணீர் மேல் ஸ்டூல் போடும் ஜனங்களை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. முகப்பைச் சுற்றி அடிக் கணக்கில் எண்கள். உள்ளே விளக்கு சுழலும். மேலே எப்போதும் ஒரு கோடு எரியும், அது தண்ணீர் மட்டம். தரை தடித்த சிவப்பு. நடுவில் பச்சையாக மெல்லிசாக மின்னினால் மீன். எத்தனை அடி ஆழம் வரை பார்ப்பது என்று வைக்கும் குமிழைப் பெரிய எண்ணில் ஆரம்பித்துப் பிறகு குறைக்க வேண்டும் என்று திருப்பிக் காட்டினார். நான் தலையை ஆட்டினேனே தவிர காதில் வாங்கவில்லை.

பைக் பேட்டரியை இணைத்து, லாரி டியூப் மேல் பலகை கட்டி, ஏரிக்குள் அண்ணன் தகரம் கட்டியிருந்த இடத்துக்குப் போனேன். குமிழை இருபதில் வைத்தேன். நம் ஏரிக்கு அதுவே அதிகம் என்ற எண்ணம். கரையிலிருந்து பத்து முழம் தள்ளிச் சிவப்பு நாலில் நின்றது. ஒரு மூங்கிலை விட்டுப் பார்த்திருந்தால் போதும். மெஷின் இருக்கும்போது மூங்கில் எதற்கு என்ற திமிர் எனக்கு. கரையில் இருந்தவர்களைப் பார்த்து, "நாலடி!" என்று கத்தினேன்.

அண்ணன் அன்று மாலையே டீக்கடையில் என் தோளில் கை போட்டான். பல வருஷத்தில் முதல் முறை.

"பாரு, கொரியாக்காரன் மிஷினு. நாலடி தான் கீதுன்னு அதுவே சொல்லுது. இன்னும் இன்னா பேசினு கீறீங்க?"

ஊர் வாயை மூடிக்கொண்டது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வெட்கமில்லாமல் அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

மாட்டுப் பொங்கலன்று ஊர் மாடெல்லாம் ஏரியில்தான் குளிக்கும். பையன்கள் மாட்டு முதுகில் ஏறி உள்ளே இறக்குவார்கள். அன்று காலை அண்ணன் வீட்டைத் தாண்டும்போது, அவன் வாசலிலேயே மோட்டாரைப் போட்டு, ஹோஸ் பைப்பால் தன் மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"ஏண்ணா, ஏரிக்கு ஓட்டல?"

"கூட்டம் ஜாஸ்தி" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு ஓடி, பெட்டியை எடுத்துக்கொண்டு ஏரியில் டியூபை இறக்கினேன். அதே இடம், அதே நாலு. கொரியாக்காரர் கையைத் திருப்பிக் காட்டியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. குமிழை நாற்பதுக்குத் திருப்பினேன். சிவப்பு இருபத்துநாலுக்குத் தாவியது. இருபதைத் தாண்டிய ஆழத்துக்கு விளக்கு ஒரு சுற்று முடித்து, மறுபடி முதலிலிருந்து எரிந்திருக்கிறது. நான் அந்த மிச்சத்தைப் படித்துவிட்டு ஊரைக் கூட்டியிருக்கிறேன்.

கரையில் முதல் மாடுகள் வந்துவிட்டன. "இறக்காதீங்க! கெணறு மாதிரி கீது!" என்று கத்தினேன்.

"யோவ், நீதானய்யா நாலடின்ன? இன்னிக்கு வேற கணக்கா?" என்று சிரித்தார்கள்.

கரைக்கு வந்து இரண்டு மாட்டுக் கயிறுகளைப் பிடுங்கி ஒன்றாக முடிந்தேன். கல்லைக் கட்டி, அதே இடத்துக்குப் போய், அவர்கள் பார்க்கப் போட்டேன். கயிறு போய்க்கொண்டே இருந்தது. சிரிப்பு நின்றது. ஒருவர் தன் பையனை மாட்டின் மேலிருந்து இறக்கினார்.

நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஈரக் கயிறு கையிலேயே இருந்தது.

"நாலடின்னு நீதானே சொன்னே? நானா மிஷின வச்சேன்?" என்று கேட்டான். அதில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் அவனை அடிக்கக் கை ஓங்கியும் அடிக்க முடியவில்லை.

அண்ணி பயந்துபோய் நடுவில் வந்தார். அவனைக் காப்பாற்றத்தான் பேசினார், பாவம்.

"அவரு மேல கோவப்படாத தம்பி. மனசு கெடந்து அடிச்சிக்கினுதான் கீது. ஏரி ரொம்புனதிலேந்து என்னையே அங்க துணி தொவைக்கப் போவக் கூடாதுன்ட்டாரு."

ஏரி நிரம்பி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த இரண்டு மாதமும் வெள்ளிக்கிழமை தவறாமல் என் மனைவி துணி மூட்டையோடும் எங்கள் மகளோடும் இவன் வாசலைத் தாண்டித்தான் அந்தக் கரைக்குப் போய்வந்தாள்.