யசுயே பெரியம்மாவின் நீளக்கைக் கிமோனோ

என் அம்மாவின் அக்கா யசுயேவுக்கு ஐம்பத்தெட்டு வயது. சகாய்மினாத்தோ துறைமுகத்தில் பதினைந்து வயதிலிருந்து நண்டு உடைக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். அவள் சம்பளத்தில்தான் போனேன்.

எங்கள் நாட்டில் பெண்கள் இருபது வயதானதும் ஜனவரியில் நீளக்கை தொங்கும் பட்டுக் கிமோனோ கட்டிப் படம் எடுத்துக்கொள்வார்கள். கூடத்தில் அம்மா படமும் என் படமும் மாட்டியிருக்கின்றன. பெரியம்மா படம் இல்லை. அவளுக்கு இருபது வயதான ஜனவரியில் நண்டு குவிந்துகொண்டிருந்தது.

ஜூலையில் நண்டுப் பிடிப்பு நின்றதும், நான் வேலை பார்க்கும் கியோட்டோவுக்கு இரண்டு நாள் வந்தாள். கோயில் எதையும் கேட்கவில்லை. "அந்தப் படம் எடுத்துக்கணும்" என்றாள்.

நீளக்கைப் பட்டு வேண்டும் என்றதும் கிமோனோ வாடகைக் கடைக்காரி குனிந்து வணங்கினாள். "இந்த வெயிலுக்கு மெல்லிசு பருத்திதான் இதமா இருக்கும். நிறமும் அடக்கமா, அம்மாவுக்குன்னே எடுத்து வெச்ச மாதிரி..."

கியோட்டோவில் இதற்கு 'முடியாது' என்று பொருள். பெரியம்மா புரியாத மாதிரி நின்றாள்.

"நீளக்கை, கல்யாணம் ஆகாத பொண்ணுங்க போடறதுதானே?"

"ஆமாங்க."

"எனக்கு ஆகலை. சந்தேகம்னா எங்க ஊர் நகராட்சி ஆபீசுக்கு போன் போட்டுக் கேளுங்க."

கடைக்காரி என்னைப் பார்த்தாள். 'வேண்டாம் பெரியம்மா' என்பது என் வாய்வரை வந்தது. படிப்பு கொடுத்த கூச்சமா, முன்பே இருந்ததா, இன்னும் தெரியவில்லை. பேசாமல் இருந்தேன். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு கடைக்காரி சிவப்புப் பட்டுக் கிமோனோவைக் கொண்டுவந்தாள்.

கட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. தெருவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "உள்ள ஏசி இருக்கு" என்று சொல்லி, பள்ளிப் பெண்கள் மொய்க்கும் படப்பெட்டிக் கடைக்குள் அவளை அழைத்துப் போனேன். பெட்டி தானே பேசி, தானே எடுத்து, தானே அழகாக்கி, ஒட்டுப்படத்தை வெளியே தள்ளியது. அதில் அவள் கண்கள் இரண்டு மடங்கு பெரிது. கன்னத்தில் ஒரு கோடு இல்லை.

பெரியம்மா அதை எட்டப் பிடித்துப் பார்த்தாள். "யாருடி இவ?"

"நீங்கதான். இருபது வயசு மாதிரி இருக்கீங்க."

"இருபதுல எனக்குத் தெத்துப்பல்லு. விரலெல்லாம் குளிர்ல வெடிச்சுக் கிடக்கும். இவ ஒரு நண்டுகூட உடைச்சிருக்க மாட்டா."

"வேற பெட்டி பாக்கலாமா?"

"உன் போன் எதுக்கு இருக்கு? வெளிய வா."

உச்சிவெயிலில், சைக்கிள்கள் விலகிப் போகும் தெருவில், கிமோனோவின் நீளக்கை முழுதும் தெரியும்படி கைகளை விரித்து நின்றாள். பின்னால் வந்த பள்ளிப் பெண்கள் கைதட்டினார்கள். "பாட்டி, சூப்பர்!"

"பாட்டியா? அக்கான்னு சொல்லுங்கடி!"

மூன்று படம் எடுத்தேன். இரண்டில் ஒழுங்காகச் சிரித்திருந்தாள். மூன்றாவதில் வாய் திறந்து, கண் சுருக்கி, அந்தப் பெண்களை அதட்டிக்கொண்டிருந்தாள். மூன்றையும் பார்த்துவிட்டு அந்த மூன்றாவதன்மேல் விரலை வைத்தாள்.

"இதைப் பெருசா போடச் சொல்லு. சட்டம் மட்டும் உங்கம்மாவோடதைவிட ஒரு விரக்கடை பெருசா இருக்கணும்."