ஜெபவீட்டின் பின்னறை

திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்புகள் இருக்கும் பக்கம், தகரக் கூரை போட்ட ஒரு ஜெபவீட்டின் பின்னறையில் நானும் அம்மாவும் சில மாதங்கள் குடியிருந்தோம். அப்பா அம்மாவின் இடது கையை உடைத்த பிறகு ஓடிவந்து சேர்ந்த இடம் அது. அப்பா தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்தவர். குடித்தால் கை சும்மா இருக்காது.

பாஸ்டர் நல்லவர். அதை இன்றைக்கும் மாற்றிச் சொல்ல மாட்டேன். கதவைத் தட்டியதும் எதுவும் கேட்காமல் உள்ளே விட்டார். அவர் மனைவி எங்களுக்குக் கஞ்சி கொடுத்து, அம்மாவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மாவுக்கட்டுப் போட்டுவந்தார்.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. சாயங்காலங்களில் நான்தான் வேதாகமத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். ஒரு குருவிக்குக்கூடக் கடவுளின் வீட்டில் கூடு கட்ட இடம் கிடைத்ததென்று ஒரு சங்கீதத்தில் வரும். அதையே திரும்பத் திரும்பக் கேட்பாள்.

"வேற வாசிக்கட்டுமாம்மா?"

"இதுக்கென்ன கொறச்சல்? குருவி இன்னும் செத்த நேரம் இருந்துட்டுப் போகட்டும்" என்பாள்.

கட்டுப் பிரித்த பிறகும் கை சரியாக நிமிரவில்லை. ஆராதனையில் எல்லோரும் இரண்டு கைகளையும் உயர்த்தும்போது அம்மாவின் ஒரு கை மேலேயும் மற்றது தோளோடும் நிற்கும். எனக்கு வெட்கமாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். எண்ணெய் வைத்துப் படியத் தலைசீவி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பாஸ்டர் பல நாளாக ஷாப் வாசலில் போய் அவரிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார், எங்களுக்குத் தெரியாது. சாட்சி சொல்லும் நேரத்தில் அப்பா முன்னால் போய் முழங்காலில் விழுந்து அழுதார். குடித்ததைச் சொன்னார், சீட்டாடியதைச் சொன்னார், கோழி திருடித் தின்றதைக்கூடச் சொன்னார். கோழிக்கு எல்லோரும் சிரித்தார்கள். அழுகையோடு அவரும் சிரித்தார். அம்மாவின் கையைப் பற்றி மட்டும் எதுவும் வரவில்லை. சபையே ஸ்தோத்திரம் சொல்லிக் கைதட்டியது. எல்லோரையும்விடச் சத்தமாக நான் தட்டினேன்.

பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். "முன்னால வாங்க சகோதரி. மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு, இன்னைக்கே குடும்பமா வீட்டுக்குப் போங்க."

அம்மா எழுந்து நின்றாள். "எங்கிட்ட அவரு ஒண்ணும் கேக்கலையே அய்யா."

"ஆண்டவர்கிட்டக் கேட்டுட்டாரேம்மா. அவரே மன்னிச்சிட்டாரு."

"அப்ப சந்தோசம். மன்னிச்சவரு வீட்டுலயே இருந்துக்கிடட்டும்."

"ஆத்தீ, இம்புட்டு வாயை எங்கிட்டு ஒளிச்சு வச்சிருந்தா?" என்று பின்வரிசையில் ஒருத்தி முணுமுணுத்தாள்.

அம்மா சொன்னபடியே ஆனது. மறுநாள் பாஸ்டரின் மனைவி எங்கள் அறைக்கு வந்து, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "அவரு புதுசா வந்த ஆத்துமா. வெளிய விட்டா மறுபடி குடிக்கப் போயிருவாரும்மா. அவரோட சேந்து இரு. இல்லைன்னா அவருக்கு இந்த ரூமை ஒழிச்சுக் குடு."

"ஒழிச்சிர்றேங்கம்மா" என்றாள் அம்மா.

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் அம்மாவுக்குக் கூட்டுகிற வேலை கிடைத்தது. ஐந்தாவதோடு என் படிப்பு நின்றது. நாங்கள் கிளம்பியபோது அப்பா ஜெபவீட்டு வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டுத் தலையில் கைவைத்தார். அந்தக் கை அவ்வளவு மெதுவாக என்மேல் பட்டதே இல்லை.

"ஏலே, ஒங்கம்மா மனசு கல்லாப் போச்சு. அவளுக்காக ஜெபம் பண்ணு. சின்னப்புள்ள ஜெபத்தை ஆண்டவரு தள்ள மாட்டாரு."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஊரே மன்னித்தவரை இவள் ஒருத்தி மன்னிக்க மாட்டேன் என்கிறாள். இவளால் அப்பா இல்லாமல் போயிற்று, பள்ளிக்கூடம் போயிற்று, குருவி இருந்த வீடும் போயிற்று.

புது இடத்தில் முதல் ஞாயிறு. அம்மா தலையெல்லாம் பஞ்சோடு மில்லிலிருந்து வந்தாள். அவள் காதில் விழட்டும் என்றே நான் முழங்காலிட்டு, பாஸ்டரைப் போலக் கையை நீட்டி, உரக்கத் தொடங்கினேன். "ஆண்டவரே, எங்கம்மா செஞ்ச பாவத்தை மன்னியும். கல்லு மனசை ஒடச்சுப் போடும்."

அடி விழும் என்று நினைத்தேன். அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் முழங்காலிட்டாள். நான் முடிக்கும்வரை குனிந்தே இருந்தாள். முடித்ததும், "ஆமென்" என்றாள். என் முதுகில் ஒருமுறை தடவிக்கொடுத்துவிட்டு அடுப்புப் பற்றவைக்க எழுந்தாள்.

ஜெபம் பலித்துவிட்டதென்று எனக்கு ஒரே சந்தோஷம். மறுநாளே அப்பாவிடம் திரும்பிவிடுவோம் என்று என் துணிகளை மடித்து வைத்தேன். அன்றைக்கு அந்த வீட்டில் ஒரு மன்னிப்பு நடந்தது உண்மைதான். யார் யாரை மன்னித்தது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.