பலாக் கிண்ணமும் கல்சட்டித் தூளும்

போடியில் எங்களுக்கு ஒரு கடைசல் பட்டறை இருக்கிறது. கட்டில் கால், மாடிப்படிக் கைப்பிடிக்கு உருண்டைக் கம்பு, சப்பாத்திக் கட்டை, இவைதான் என் வீட்டுக்காரர் கடைவது. ஒருநாள் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அவர் கை கழுவப் போன நேரத்தில், மிஷின் சும்மாதானே கிடக்கிறது என்று சுழலவிட்டு உளியை வைத்துப் பார்த்தேன். மரம் சுருள் சுருளாகக் கழன்று என் கைமேல் விழுந்தது. அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துவிட்டது. உப்புக்கு ஒரு கிண்ணம், புளிக்கு ஒரு கிண்ணம், சாவி போட ஒரு கிண்ணம். கடைசியில் கிண்ணங்களைப் போட்டு வைக்கவே ஒரு பெரிய கிண்ணம் தேவைப்பட்டது.

இந்தப் பைத்தியத்துக்குத் துணை என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் தங்கை. போடிமெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் ஏலக்காய் தரம் பிரிக்கிறாள். காலையில் ஜீப்பில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க என்னோடுதான். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தால் சிரிப்பு நிற்காது. துஷ்டி கேட்கச் சாவு வீட்டுக்குப் போனால் எங்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவிட மாட்டார்கள்.

எஸ்டேட்டுக்குப் பக்கத்தில் தன் வீட்டையே விருந்தாளிகளுக்குத் தங்கும் விடுதியாக நடத்துகிற மலையாளத்துச் சேச்சி ஒருவர் இருக்கிறார். நாத்தனார் மதியச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளத் துவையல் வைத்து எடுத்துப்போன என் சின்னக் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, முன்னறை மேசைக்குப் பெரிதாக ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மாசக் கடைசி ஞாயிறு போடிக்கு வரும்போது அவரே வந்து வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. எனக்குத் தலைகால் புரியவில்லை. சரிவில் காற்றுக்குச் சாய்ந்த பலா மரத்தில் ஒரு துண்டை நாத்தனார் ஜீப்பிலேயே கொண்டுவந்து சேர்த்தாள். மஞ்சள் கிழங்கை அறுத்தது போல இருந்தது நிறம். கடைந்து நிழலில் ஆறவைத்தேன்.

அடுத்த ஞாயிறு பார்த்தால் விளிம்பிலிருந்து பாதி ஆழம் வரை ஒரு விரிசல். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். அந்தப் பக்கம் நின்ற நாத்தனாரின் மூக்குத்தி இந்தப் பக்கம் தெரிந்தது.

"விடு புள்ள, அடுப்புக்கு ஆச்சு" என்றார் வீட்டுக்காரர்.

"அண்ணே, நீ செத்த சும்மா இரு" என்று நாத்தனார் போனை எடுத்தாள். அதில் யாரோ ஒருவர் விரிசலுக்குள் நீலக்கல் தூளை அடைத்து, பசையை ஊற்றி, கடைந்து காட்டினார். மரத்துக்குள் ஒரு வாய்க்கால் ஓடுவது போல இருந்தது. நாங்கள் அதை ஏழெட்டுத் தடவை பார்த்தோம்.

நீலக்கல்லுக்கு எங்கே போவது? கடைத்தெருவில் பாசிமணி, வளையல் விற்கிற பாயிடம் போய் நின்றோம். அவர் ஒரு நீல மாலையை எடுத்துப் போட்டார்.

"பாய், இது நெசக் கல்லுதானா?"

"ஆத்தா, கல்லுன்னு அட்டையில எழுதியிருக்கு. நான் உள்ள போயா பாத்தேன்?"

பட்டறைக்கு வந்து, துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டிப் பிரித்தோம். மேல்தோல்தான் நீலம். உள்ளே முழுக்கச் சுண்ணாம்பு போல வெள்ளை. சாயத்தில் முக்கிய கல். எங்கள் விரல்கள் மட்டும் நன்றாக நீலமாகிவிட்டன. "மதினி, நம்ம ரெண்டு பேரையும் இடிச்சு அடைச்சாத்தான் நீலம் வரும்" என்றாள் அவள். நான் சிரித்த சிரிப்பில் தூசிக்காக மூக்கில் கட்டியிருந்த ஈரத்துணி அவிழ்ந்து விழுந்தது.

ஆனால் அவள் விடுகிறவளா? மலைச்சாலையில் மழைக்கு மண் சரிந்த ஒரு வளைவில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, சிவப்புப் பொட்டுகள் மின்னும் கல் துண்டுகளை அந்த வாரமே முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். கூட வந்தவர்கள் புதையல் எடுத்தாயா என்று கேட்டார்களாம். அந்தச் சிவப்பைக் கொத்திப் பிரிப்பதற்குள் எங்கள் தோள்பட்டை கழன்றுவிட்டது. விரிசலில் அடைத்து, பசை விட்டு, காய்ந்ததும் மிஷினில் மாட்டி உளியை வைத்தேன்.

கீச்சென்று ஒரு சத்தம். தெருவில் நாய் குரைத்தது. டீக்குடிக்கப் போயிருந்த வீட்டுக்காரர் டம்ளரோடு ஓடி வந்தார்.

"என்ன சோலி பாத்து வச்சிருக்கீங்க ரெண்டு பேரும்?"

உளியின் கூர் போயே போய்விட்டது. உப்புத்தாளை வைத்துத் தேய்த்தேன். கல் அப்படியே இருந்தது, தாள்தான் வழுவழுவென்று ஆனது. அவர் தூளை விரலில் எடுத்து உருட்டிப் பார்த்தார். கோபமாகப் பேச ஆரம்பித்தவருக்குப் பாதியிலேயே சிரிப்பு வந்துவிட்டது.

"ஏ புள்ள, உப்புத்தாள்ல ஒட்டுற கல்லு கணக்கா இருக்கு. இதப் போயி உப்புத்தாள வச்சித் தேய்ச்சா எப்படித் தேயும்? மெதுக்கல்லாப் பாக்கணும்."

மெதுக்கல் என்றதும் நாத்தனார் எழுந்தே நின்றுவிட்டாள். அவள் கல்யாணத்துக்குச் சீராக வந்த மாக்கல் சட்டி ஒன்று, வீடு மாறும்போது ஜீப்பில் இடிபட்டு மூன்றாக உடைந்திருந்தது. தூக்கிப் போட மனசு வராமல் பரணில் வைத்திருந்தாள். அடுப்புக் கரி படாத ஒரு துண்டைக் கொண்டுவந்து தட்டினோம். மாவு மாதிரி உதிர்ந்தது. சாம்பல் நிறம்தான், நீலம் இல்லை, சிவப்பு இல்லை. ஆனால் உளிக்கு அடங்குகிற கல்.

அதற்குள் மாசக் கடைசி ஞாயிறே வந்துவிட்டது. வீட்டுக்காரர் கட்டில் கால்களை ஏற்றிக்கொண்டு சிலமலைக்குப் போயிருந்தார். நாங்கள் சிவப்புக் கல்லையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, கிண்ணத்தை அடியில் திருகியிருந்த இரும்புப் பிளேட்டோடு மிஷினிலிருந்து கழற்றிக் கையில் வைத்துக்கொண்டோம். தூள் வெளியே கொட்டாமல் இருக்க நாத்தனார் வெளிப்புறத்தில் மூன்று விரலை வைத்து அடைத்துக்கொண்டாள். நான் உள்ளே தூளைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி, தண்ணீர் போன்ற அந்தப் பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். தூள் பசையைக் குடித்துக்கொண்டே இருந்தது. நானும் விட்டுக்கொண்டே இருந்தேன். இறுகும்போது அது சூடாகும் என்பது எங்களுக்குத் தெரியாது.

"மதினி, சுடுது."

"எனக்கும் சுடுது. கைய எடு."

"வரலயே."

என் கட்டைவிரலை இழுத்தேன். கிண்ணமும் வந்தது, நாத்தனாரும் வந்தாள். விரிசல் வழியாகப் பசை அந்தப் பக்கம் போய் அவள் விரல்களையும் சேர்த்துப் பிடித்துவிட்டது. ஒரு நொடி இருவரும் பயந்துபோய்ப் பார்த்துக்கொண்டோம். பிறகு அவள் உதடு துடித்தது. அதைப் பார்த்து எனக்கு வயிறு குலுங்கியது. சிரித்தால் கிண்ணம் ஆடுகிறது, ஆடினால் தோல் இழுக்கிறது, இழுத்தால் வலிக்கிறது, வலித்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. பையில் கிடந்த போன் அடித்தது. அதை எடுக்க இரண்டு பேரும் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தோம். போய்ச் சேர்வதற்குள் மணி நின்றுவிட்டது.

வாசலில் கார் வந்து நின்றது. சேச்சிதான். வெள்ளைச் சேலை, தோளில் பெரிய பை. கும்பிடக்கூட முடியாமல், நடுவில் கிண்ணத்தைப் பிடித்தபடி, கண்ணில் தண்ணீர் வழிய, நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். அவர் முதலில் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். நாங்கள் விடவில்லை.

"எந்தா, பாத்திரம் தர மனசில்லையோ?"

நாத்தனார் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கூடவே நானும் உட்கார வேண்டியதாயிற்று. சிரிப்பு நின்று பேச்சு வருவதற்கு வெகுநேரம் ஆனது. "பசை சேச்சி... ஒட்டிக்கிருச்சு... ரெண்டு பேருக்கும்" என்று துண்டு துண்டாகச் சொன்னேன். விஷயம் புரிந்ததும் அவரும் மரத்தூள் என்று பார்க்காமல் எங்கள் எதிரிலேயே உட்கார்ந்து, பையைக் கவிழ்த்துக் கொட்டினார். சீப்பு, மாத்திரை, ஏலக்காய், பஸ் டிக்கெட், கடைசியில் நகப்பூச்சு அழிக்கிற மருந்து ஒரு குட்டிப் பாட்டில்.

"என்ட மோளு வச்சிட்டுப் போனது. அனங்காதே இரி" என்று எங்களை அசையாமல் இருக்கச் சொன்னார்.

பஞ்சில் நனைத்து, விரல் ஓரமாக விட்டு, குழந்தைக்குக் காது குத்துகிறவர் போல அவ்வளவு மெதுவாகப் பிரித்தார். முதலில் நாத்தனாரின் சுண்டுவிரல் விடுபட்டது. அதற்கே மூன்று பேரும் கைதட்டப் பார்த்தோம். சேச்சிக்கு மட்டும்தான் முடிந்தது. என் கட்டைவிரல் கடைசியில் வந்தது. கொஞ்சம் தோலை அங்கேயே விட்டுவிட்டு வந்தது.

"இனி நான் நாளைக்கு முடிச்சுக் குடுத்து விடுறேன் சேச்சி" என்றேன்.

"வேண்டா, வேண்டா. நான் இருந்து கண்டிட்டே போகும்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பசை இறுகட்டும் என்று மூன்று பேரும் டீக்குடித்தோம். பிறகு பிளேட்டை மிஷினில் மாட்டி, சுவிட்சைப் போட்டேன். இந்த முறை உளி கத்தவில்லை. கல்லும் மரமும் ஒன்றாகவே உதிர்ந்தன, மஞ்சள் தூளும் சாம்பல் தூளுமாக. என் தோல், நாத்தனாரின் ரேகை எல்லாம் அதோடு போயிற்று. உப்புத்தாளும் பிடித்தது. மிஷினை நிறுத்திப் பார்த்தால் விரிசல் இருந்த இடத்தில் வெளிறிய ஒரு கோடு. அழகு என்றும் சொல்ல முடியாது, மோசம் என்றும் சொல்ல முடியாது.

"எண்ணெய் போடுங்க மதினி" என்றாள் நாத்தனார் மெல்ல.

துணியில் தேங்காயெண்ணெய் தொட்டு விளிம்பிலிருந்து இழுத்தேன். பலாவின் மஞ்சள் தேனாக மாறியது. சாம்பல் கோடு என் கண்ணெதிரே கறுத்துக்கொண்டே போனது, விளிம்பிலிருந்து உள்ளே, மழை நின்ற பிறகு பாறையில் இறங்குகிற ஈரம் போல, பச்சையும் கறுப்புமாக மினுங்கிக்கொண்டு. நாத்தனார் "ஆத்தாடி!" என்று கத்தினாள். சேச்சி "என்டம்மே!" என்று கத்தினார். நான் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது.

எதிர்வீட்டு அக்கா ஓடிவந்து வாசலில் நின்று கேட்டாள்:

"யாருக்கு என்ன கொழந்த பொறந்திருக்கு?"

சேச்சி எழுந்து, கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுபோய் அவளுக்குக் காட்டினார்.