வரவே வராத இரண்டாம் பாகம்

அரியலூரில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்த்தவன் என்னை எட்டு வருடம் ஏமாற்றினான். பணத்தில் அல்ல. பணமென்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பேன். ஒரு காமிக்ஸ் புத்தகத்தில் ஏமாற்றினான். இதைச் சொன்னால் என் மனைவி இன்றும் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

1999இல் நான் பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டென்ட். வயது இருபத்தாறு. அந்த வயதில் காமிக்ஸ் படிக்கிறவன் அதை வெளியே சொல்லிக்கொள்ள மாட்டான். பஸ் ஸ்டாண்ட் கடையில் வாங்கும்போதே "அக்கா பையனுக்கு" என்று சொல்லித்தான் வாங்குவேன். எனக்கு அக்காவே கிடையாது. படித்ததைப் பற்றிப் பேச ஊரில் ஓர் ஆள் இல்லாமல் மண்டை வெடித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு இதழின் வாசகர் கடிதப் பக்கத்தில் அரியலூர்க்காரன் ஒருவனின் கடிதம் முகவரியோடு வந்தது. போன மாதக் கதையை அவன் கிழி கிழியென்று கிழித்திருந்தான். நான் நினைத்ததையெல்லாம் அவனும் நினைத்திருந்தான். அன்றைக்கே கார்டு போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை கடையில் இருப்பேன், வாருங்கள் என்று பதில் வந்தது.

போனேன். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து பஸ் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவன் என்னைவிட இரண்டு வயது சின்னவன். ஒல்லியாக, காதில் பேனா செருகியிருந்தான். "வாங்கண்ணே, உள்ள வாங்க" என்று கவுன்ட்டருக்கு உள்பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டான். மூன்று மணி நேரம் பேசினோம். கிளம்பும்போது, அடுத்து நான் என்னென்ன படிக்க வேண்டும் என்று ஒரு மாத்திரைக் கவரின் மேல் வரிசையாக எழுதிக் கொடுத்தான். இதற்கு முன்னால் இது, இதற்குப் பின்னால் இது, இந்தத் தொடரின் பக்கமே போகாதீர்கள். "கடைசில போட்டிருக்கேன் பாருங்க, அதை மட்டும் வெறும் வயித்துல படிக்காதீங்க, தாங்காது" என்றான்.

அவன் சொன்ன புத்தகங்களை அவனே இரவலும் கொடுத்தான். பிரியும் தருவாயில் இருந்த அட்டைகளை எல்லாம் கடையில் இருந்த வெள்ளை பிளாஸ்திரி போட்டு முதுகில் ஒட்டி, அதன் மேல் நீலப் பேனாவால் இதழ் எண்ணை எழுதி வைத்திருப்பான். கட்டுப்போட்ட நோயாளிகள் மாதிரி அவை வரிசையாக நிற்கும். அவன் நல்லது என்று சொன்ன எதுவும் எனக்குச் சோடை போனதில்லை. கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன்.

அப்படி அவன் கொடுத்ததுதான் குதிரை வியாபாரி கதை. சில வருடங்களுக்கு முன்னால், நான் காமிக்ஸ் வாங்காமல் விட்டிருந்த காலத்தில் வந்தது. அண்ணனைக் கொன்றுவிட்டதாகப் பழி சுமந்த ஒரு குதிரை வியாபாரி உப்புப் பாலைவனத்தைக் கடந்து ஓடுகிறான். கடைசிக் கட்டத்தில் ஒரு பாழடைந்த வீட்டின் பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்கிறான். உள்ளேயிருந்து செத்துப்போன அண்ணனின் குரல் அவனைக் கூப்பிடுகிறது. கீழே "முடிவு அடுத்த பாகத்தில்" என்று போட்டிருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த ஞாயிறு ஓடினேன். "ரெண்டாம் பாகம் எங்கடா தம்பி?"

"அது வரவே இல்லண்ணே. பிரஸ்ல நின்னு போச்சு. அந்த நம்பரையே விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிட்டாங்க."

வேறு எவனாக இருந்தாலும் சந்தேகப்படுவான். தமிழில் காமிக்ஸ் படித்து வளர்ந்தவன் சந்தேகப்பட மாட்டான். "விரைவில்" என்று முழுப் பக்க விளம்பரம் வந்து, பிறகு பேச்சுமூச்சே இல்லாமல் போன கதைகள் எங்களுக்கு எத்தனையோ. வரவில்லை என்றால் வரவில்லைதான். துக்கம் விசாரித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஆனால் கதவு என்னை விடவில்லை. உள்ளே இருப்பது யார்? அண்ணன் சாகவே இல்லையா? மிமிக்ரி செய்கிற எதிரியா? வெயிலில் இவனுக்கே பித்துப் பிடித்துவிட்டதா? வாரம் ஒரு முடிவைக் கட்டிக்கொண்டு போய் அவனிடம் அவிழ்ப்பேன். கன்னத்தில் கை வைத்துக் கேட்பான். "அப்படின்னா மொதப் பக்கத்துல வர்ற காயம் எங்கண்ணே போச்சு?" என்று ஒரு கொக்கி போடுவான். நான் அடுத்த வாரம் அதைச் சரிசெய்துகொண்டு வருவேன். எனக்குக் கல்யாணமானது, பையன் பிறந்தான், வாராவாரம் மாதத்துக்கு ஒருமுறையாகக் குறைந்தது. பேச்சு மட்டும் நிற்கவில்லை.

2007இல் எங்கள் தெரு முனைக்கு பிரவுசிங் சென்டர் வந்தது. அங்கேதான் தமிழ் காமிக்ஸ் வலைப்பூக்கள் இருப்பதைக் கண்டுபிடித்தேன். சென்னை, கோவை, வெளிநாடு என்று எங்கெங்கோ இருப்பவர்கள் வயதைப் பார்த்து வெட்கப்படாமல் காமிக்ஸ் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் குதிரை வியாபாரியின் இரண்டு பாகங்களையும் படியுங்கள் என்று சிபாரிசு செய்திருந்தார். எனக்கு ஜிவ்வென்று ஏறியது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டிப் பின்னூட்டம் போட்டேன். இரண்டாம் பாகம் வரவே இல்லை, அரியலூரில் எனக்குத் தெரிந்த நிபுணர் உறுதியாகச் சொல்லியிருக்கிறார், தெரியாமல் எழுதி வாசகர்களைக் குழப்பாதீர்கள் என்று.

மறுநாள் பதில் வந்திருந்தது. என் பின்னூட்டத்துக்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு. அதற்குக் கீழே இரண்டாம் பாகத்தின் அட்டைப்படம். "அரியலூர் நண்பர் ஒருவர் ஸ்கேன் செய்து அனுப்பியது" என்று குறிப்பு. முதுகிலிருந்து அட்டையோரம் வரை மடிந்து வந்த வெள்ளை பிளாஸ்திரி. நீலப் பேனாவில் இதழ் எண். அந்தக் கையெழுத்தை எத்தனை மாத்திரைக் கவர்களில் பார்த்திருக்கிறேன்!

உடம்பெல்லாம் எரிந்தது. முகம் தெரியாத ஆட்களுக்கு ஸ்கேன் எடுத்து அனுப்பியிருக்கிறான். எனக்கு இல்லை. எட்டு வருடம் நான் கட்டிய முடிவுகளை எல்லாம் உண்மையான முடிவைத் தெரிந்து வைத்துக்கொண்டே கேட்டிருக்கிறான். எவ்வளவு பெரிய கோமாளியாக அவன் எதிரில் உட்கார்ந்திருந்தேன்!

ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்கவில்லை. லீவு போட்டுவிட்டுப் போனேன். கடையில் கூட்டம் இல்லை. "ரெண்டாம் பாகம் இருக்கா இல்லையா?" என்றேன்.

முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. மறுக்கவில்லை. குனிந்து கவுன்ட்டரின் அடி டிராயரை இழுத்து, ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து என் முன் வைத்தான். வீட்டில்கூட இல்லை. நான் உட்காரும் ஸ்டூலுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது.

"மொதல்ல வெளையாட்டாத்தாண்ணே சொன்னேன். மறுவாரம் குடுத்துருவோம்னுதான் இருந்தேன். நீங்க மறுவாரம் ஒரு முடிவு கொண்டாந்தீங்க. அதுக்கடுத்த வாரம் இன்னொண்ணு. எங்கூடப் படிச்சவனுங்கள்லாம் துபாய், சிங்கப்பூர்னு போயிட்டானுங்க. முடிஞ்சுபோன கதையப் பத்திப் பேச யாருண்ணே பெரம்பலூர்லேர்ந்து பஸ் ஏறி வருவா?"

"நான் கதைக்காகத்தான் வந்தேன்னு நெனச்சியா?" என்று கத்தினேன். மருந்து வாங்க வந்த அம்மா ஒருவர் படியிலேயே நின்றுவிட்டார். அவன் அவரிடம் சீட்டை வாங்கிப் படிக்க ஆரம்பித்தான். எனக்கு அதுதான் தாங்கவில்லை. ஆமாம், அப்படித்தான் நினைத்திருக்கிறான். எட்டு வருடம் பழகியும் அவனுக்கு என்னைப் பற்றி அவ்வளவுதான் தெரிந்திருக்கிறது.

உட்காராமல் நின்றபடியே புத்தகத்தைப் படித்தேன். கதவுக்குப் பின்னால் யார் என்று இங்கே சொல்ல மாட்டேன். நான் கட்டிய முடிவுகளில் ஒன்றுகூட அதன் பக்கத்தில் வரவில்லை. கடைசிப் பக்கத்தை மூன்று தடவை படித்ததை அவன் பார்த்துவிடக் கூடாது என்று தெருப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வந்தவரை அனுப்பிவிட்டு அவன் என் எதிரில் வந்து நின்றான். நடந்ததெல்லாம் மறந்துபோன மாதிரி அவன் கண் மின்னியது. இந்த முடிவைப் பற்றி என்னோடு பேச எட்டு வருடமாகத் தவித்திருக்கிறான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"எப்படிண்ணே?"

"சுமார்" என்றேன். "இதுக்குப் போயா இவ்வளவு ஒளிச்சு வச்சே?"

அவன் முகம் செத்துப்போயிற்று. புத்தகத்தை எடுத்துப் பையில் போட்டான். நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அதற்குப் பிறகு அந்தக் கடைப் படியை மிதிக்கவில்லை.

அதைவிட நல்ல முடிவு உள்ள கதையை இதுவரை நான் படிக்கவில்லை. என்ன படிக்கலாம் என்று யார் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்கிறேன். அவனிடம் மட்டும் சொல்லவில்லை.