உடைச்சல் ஐயா

மர வாத்தை மேசை விளிம்பிலிருந்து தள்ளிவிட்டு, விழுகிற சத்தத்தைத் தலை சாய்த்துக் கேட்பார். பிறகு எடுத்துக் கழுத்தைத் திருகுவார், வாலைக் கடிப்பார். ஒன்றும் ஆகாது. "இருடி, உன்ன ஒருநாள் பாத்துக்கறேன்" என்று அதைக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்த பிறகுதான் அன்றைய வேலை. அறுபது வருடமாக இதே கதைதான்.

அவர்கள் குடும்பத்தின் பொம்மைக் கம்பெனி பிறந்ததே அவர் கைங்கரியத்தால். கதவு ஜன்னல் செய்துகொண்டிருந்தவர் அப்பா. வாங்கித் தந்ததையெல்லாம் பொழுது சாய்வதற்குள் சுக்குநூறாக்கிய மூத்த மகனான இந்த நாலு வயதுக்காரரோடு மல்லுக்கட்டி ஓய்ந்துபோய், மிஞ்சிய கதவுக்கட்டையில் வாத்து ஒன்றைச் செதுக்கி, "இத உடைடா பாப்போம்" என்றார். உடையவில்லை. அக்கம்பக்கத்துக்காரர்கள் ஆளுக்கொன்று கேட்டார்கள். அடுத்த வருடம் அப்பாவுக்குக் கதவு செய்ய நேரமில்லை.

வளர்ந்தபின் தம்பி விற்பனையைப் பார்த்துக்கொண்டார். இவரை எங்கே உட்கார வைத்தாலும் அங்கே ஏதாவது கழன்றது. கடைசியில் பொம்மைகளை உடைத்துப் பார்ப்பதையே வேலையாகக் கொடுத்துவிட்டார்கள். தேறாத பொம்மையில் எச்சில் தொட்டு 'ஆகாது' என்று சீட்டு ஒட்டுவார். தொழிலாளர்களுக்கு அவர் உடைச்சல் ஐயா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ என்று சும்மா இருப்பார்.

போன வாரம், புதிதாக நிர்வாகத்துக்கு வந்த தம்பி மகள் ஆளுயரச் சோதனை இயந்திரம் ஒன்றை இறக்கினாள். பெரியப்பாவின் நாற்காலி மூலைக்குப் போனது.

"இது நூறு தடவ கீழ போட்டுப் பாத்துரும், பெரியப்பா. நீங்க இனிமே வீட்ல நிம்மதியா இருங்க."

ரிமோட்டைக்கூட பீரோவில் வைத்துப் பூட்டுகிற மனைவி இருக்கும் வீட்டில் அவர் என்ன செய்வார்?

புது பஸ் பொம்மை நூறு முறை விழுந்தும் கீறலில்லாமல் நின்றது.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்மா." பஸ்ஸை அவர் தொடவில்லை. இயந்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அதன் சிவப்புக் குமிழைத் திருகினார். குமிழ் கையோடு வந்துவிட்டது. இயந்திரம் முனகி அடங்கியது.

"ஐயோ, என்ன பண்றீங்க?"

"புதுசா வந்த சாமானாச்சே, பாக்க வேண்டாமா? கீழ போடறது சரிம்மா. எந்தக் குழந்த திருகாம விடும்?"

அவள் பஸ்ஸை எடுத்துச் சக்கரத்தை லேசாகத் திருகினாள். அதுவும் கையோடு வந்தது. வாயில் போட்டால் தொண்டையில் சிக்குகிற அளவு. அவள் மூலையிலிருந்து நாற்காலியை இழுத்து வந்து போட்டாள்.

அவர் உட்கார்ந்து இரண்டு சீட்டு கிழித்தார். ஒன்றை பஸ்ஸில் ஒட்டினார். இன்னொன்றை எச்சில் தொட்டுக்கொண்டு எழுந்துபோய், எம்பி நின்று, இயந்திரத்தின் நெற்றியில் ஒட்டினார்.