கரும்புக்காட்டுக்கு ஒரு மிலிட்டரி பேண்ட்

கள்ளக்குறிச்சியில் நான் டிஸ்போசல் கடை வைத்திருந்தேன். பட்டாளத்தில் கழித்துப்போடும் துணியை ஏலத்தில் மூட்டையாக எடுத்து விற்பதுதான் தொழில். அதில் உசத்தி, பழைய யுத்த காலத்துக் காக்கி டிரில் பேண்ட். வெயில் நாட்டுக்கென்றே தைத்தது. காற்று போகும், முள் போகாது. கல்வராயன் மலையில் கடுக்காய் பொறுக்குகிறவர்களும் கரும்பு வெட்டுகிறவர்களும் கேட்டு வாங்குவார்கள். கரும்பின் காய்ந்த இலை, அந்தச் சோகை, காலை எப்படி அறுக்கும் என்பது அறுபட்டவனுக்குத்தான் தெரியும்.

இன்னொரு ரகமும் வரும். சேகரிக்கிறவர்கள். வாங்கினாலும் போட்டுக்கொள்ளமாட்டார்கள், பீரோவில் வைத்து அழகு பார்ப்பார்கள். புதுச்சேரியிலிருந்து ஒருவர் வருவார். பேண்டை மூக்கில் வைத்து மோந்து பார்த்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார். "துவைச்சிட்டீங்களா? போச்சு, எல்லாம் போச்சு" என்பார். மனுஷன் பட்டாளத்துப் பக்கம் தலைவைத்துப் படுத்தவர் இல்லை.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். உளுந்தூர்பேட்டை வரைக்கும் மரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருந்தார்கள். பஸ் இல்லாமல் அந்தப் புதுச்சேரிக்காரர் எங்கள் ஊர் லாட்ஜில் மாட்டிக்கொண்டார். அப்போதுதான் ஒருநாள் காலையில் கருணாபுரத்து அஞ்சலை கடைக்கு ஓடிவந்தாள். அவள் புருஷன் ஏழுமலை கரும்பு வெட்டும் கூலியாள். என்னிடம் பேண்ட் வாங்கியவன்.

"அண்ணே, அவர ஸ்டேசனுக்கு இட்டுக்கினு போய்ட்டாங்க. போலீஸ் பேண்ட் போட்டுக்கினு சுத்துனாராம். கேஸ் போட்டு கடலூர் ஜெயிலுக்கு அனுப்பிடுவாங்களாம். நீ குடுத்த பேண்டுதானே? இப்ப இன்னா பண்ணப் போற?"

நான் போய்ச் சொன்னால் விற்றவன் நீயா என்று என்னையும் சேர்த்து உட்கார வைப்பார்கள். படித்தவர் சொன்னால் எடுபடும் என்று புதுச்சேரிக்காரரைக் கூப்பிட்டேன். ஸ்டேஷன் என்றதும் பின்வாங்கினார். யுத்த காலத்துப் பேண்ட் என்றதும் செருப்புகூட மாட்டாமல் கிளம்பிவிட்டார்.

ஏழுமலை இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு மூலையில் குந்தியிருந்தான். உதடு வீங்கியிருந்தது. பேண்ட் மேஜைமேல் கிடந்தது. நம் புதுச்சேரி சார் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சார், இதுல சீல் கீல் வச்சிடாதீங்க, அரக்கு பட்டா துணி போச்சு. இந்தச் சின்னப் பாக்கெட்டப் பாருங்க, காயத்துக்குக் கட்டுற துணி வைக்கிறதுக்கு. கோர்ட்டுக்கு அனுப்பினா எலி கடிச்சிடும் சார்." சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உங்களுக்கு ஆள் வேணுமா, பேண்ட் வேணுமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பேண்டுதான் சார்."

வாசலில் அஞ்சலை அழுதுகொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் சாரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஏட்டைக் கூப்பிட்டார்.

"அந்த ஆள வுட்டுடுய்யா. போலீஸ் பேண்டுக்கு எவனும் இப்படி அழமாட்டான். இது வேற எதுவோதான்."

நியாயம் பேசியிருந்தால் ஒருவரும் காது கொடுத்திருக்க மாட்டார்கள். பைத்தியக்காரத்தனம்தான் அங்கே செல்லுபடியானது.

திருப்பித் தந்த பேண்டோடு வெளியே வந்த ஏழுமலையைச் சார் மறித்தார். "தம்பி, அதப் போட்டுடாத. எனக்குக் குடுத்துடு. போலீஸ் புடிச்ச பேண்டுன்னா அதுக்கொரு சரித்திரம் இருக்கு. பீரோவுல பத்திரமா வச்சுக்கறேன்."

ஏழுமலை ஒரு காலை நுழைத்துக்கொண்டே சொன்னான்: "நாளைக்கு வடக்கனந்தல்ல கரும்பு வெட்டு இருக்குதுங்க. இத குடுத்துட்டு துண்டோட உள்ள போவட்டுமா? சரி, நீங்க போட்டுக்கினு இருக்கறத அவுத்துக் குடுங்க, மாத்திக்கலாம்."

சார் இரண்டு கையாலும் தன் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டார்.

புதிதாகக் கடை வைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். துணியைக் காட்டுவதற்கு முன்னால் யார் போட்டுக்கொள்ள என்று கேளுங்கள். பதிலுக்குச் சரித்திரம் பேசினால், சரக்கு இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.